வீட்டுக் கார் ஷெட்டுக்கு லிஃப்ட்: வாங்குமுன் தரையைப் பாருங்கள்

ஆண்டுக்கு இரண்டு பருவமழையும் பெய்கிற மாவட்டம் நம்முடையது. ஆனி, ஆடியில் ஒன்று. ஐப்பசி, கார்த்திகையில் இன்னொன்று. மழை விட்டால் கடற்காற்று. நாகர்கோவிலிலோ தக்கலையிலோ பழைய கார் வாங்க வருகிறவர் பெயிண்டைப் பார்ப்பதற்கு முன் குனிந்து அடிப்பாகத்தைப் பார்ப்பது இதனால்தான். காரைத் தூக்கி அடியில் தண்ணீர் அடித்துக் கழுவவும், துருப் பிடித்த இடத்தைச் சுரண்டிப் பூசவும் வீட்டிலேயே வசதி இருந்தால் நல்லதுதான். போர்ட்டிக்கோவில் நகர்த்தி வைக்கக்கூடிய லிஃப்ட் வாங்கலாமா என்று யோசிக்கிறவர்களுக்குச் சில குறிப்புகள்.

1. என்ன வேலை செய்யப் போகிறீர்கள் என்று முதலில் முடிவு செய்யுங்கள். ஆயில் மாற்றுவது, டயர்களை இடம் மாற்றுவது, பிரேக் பேடு பார்ப்பது, அடிப்பாகம் கழுவுவது ஆகியவற்றுக்கு ஒன்றரை முதல் இரண்டடி உயரம் போதும். கியர் பாக்ஸ் இறக்குவதெல்லாம் ஒர்க்‌ஷாப் வேலை. அதற்காக வீட்டில் லிஃப்ட் வாங்கினால் பணம் தண்டம். கடையில் கிடைப்பவை மொத்தத்தில் ஐந்து வகை: சக்கரம் வைத்த ட்ராலி ஜாக்கியும் அதோடு ஸ்டாண்டுகளும், காரை ஏற்றி நிறுத்தும் சரிவுப் பலகை, காரின் இரு பக்கமும் படுக்க வைக்கும் இரட்டைச் சட்ட ஹைட்ராலிக் லிஃப்ட், உருட்டிப் போகும் கத்தரி லிஃப்ட், தரையில் போல்ட் அடித்துத் தேவைப்படாதபோது கழற்றி வைக்கும் இரட்டைத் தூண் லிஃப்ட். ஒரே ஒரு கார் வைத்திருக்கும் வீடுகளில் பத்துக்கு எட்டில் முதல் வகையே போதும் என்பது என் கணிப்பு. அது சில ஆயிரத்தில் முடியும். சட்ட லிஃப்டும் தூண் லிஃப்டும் லட்சக் கணக்கில் போகும்.

2. காரோடு கம்பெனி தரும் ஜாக்கி ஸ்டெப்னி மாற்றுவதற்கு மட்டும். அதை நம்பி ஒரு விரலைக்கூட அடியில் நீட்டக் கூடாது. ட்ராலி ஜாக்கிக்கும் இதே விதிதான். ஜாக்கி தூக்குவதற்கு, ஸ்டாண்டு தாங்குவதற்கு. ஆயில் சீல் ஒன்று கிழிந்தால் ஹைட்ராலிக் ஜாக்கி சொல்லாமல் கொள்ளாமல் இறங்கிவிடும்.

3. இனி தரை. லிஃப்ட் வாங்குகிறவர்கள் மெஷினைப் பற்றி ஆயிரம் கேள்வி கேட்கிறார்கள். அது நிற்கப்போகும் இடத்தைப் பற்றி ஒன்றும் கேட்பதில்லை. நாஞ்சில் நாட்டில் இதற்குத் தனிக் காரணம் உண்டு. இங்கே நிறைய மனைகள் ஒரு காலத்தில் வயலாக இருந்தவை. கால்வாய்க் கரையை ஒட்டிய வயலில் செம்மண் அடித்து நிரப்பி, அடுத்த வருஷமே வீடு கட்டியிருப்பார்கள். வீட்டுக்கு அஸ்திவாரம் ஆழமாகப் போயிருக்கும். போர்ட்டிக்கோ தரை மட்டும் நிரப்பிய மண்ணின் மேல் மெல்லிய கான்கிரீட்டாகக் கிடக்கும். நாலைந்து மழை பார்த்ததும் மண் உட்கார்ந்து, தரைக்கும் மண்ணுக்கும் நடுவே வெற்றிடம் விழும். சுத்தியலின் மரக் கைப்பிடியால் தரையைத் தட்டிக்கொண்டே போங்கள். ‘டொக் டொக்’ என்று பொள்ளலாகச் சத்தம் வந்தால் அந்த இடத்தில் காரைத் தூக்காதீர்கள். விளவங்கோடு, கல்குளம் பக்கம் மேட்டு விளைகளில் கட்டிய வீடுகளுக்கு இந்தத் தொல்லை குறைவு. அடியில் சரள் கெட்டியாக இருக்கும்.

முற்றத்தில் இன்டர்லாக் கல் பதித்திருப்பவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். கார் ஓடுவதற்கு அது நல்ல தரை, ஜாக்கிக்கு ஆகாத தரை. ட்ராலி ஜாக்கியின் கை மேலே எழும்பும்போது ஒரு வளைவில்தான் எழும்பும். அந்த வளைவுக்கு ஈடுகொடுத்து ஜாக்கி காரின் அடிக்கு மெல்ல உருண்டு வர வேண்டும். அதன் சின்ன இரும்புச் சக்கரம் இரண்டு கல்லுக்கு நடுவிலுள்ள இடுக்கில் மாட்டிக்கொண்டால் ஜாக்கி நகராது, பதிலுக்குக் காரைத் தன் பக்கம் இழுக்கும். தூக்குமுனை மெல்ல வழுக்கி விளிம்புக்கு வந்துவிடும். பக்கத்தில் குனிந்து பார்த்தால் தெரியும். கைப்பிடியை அமுக்கிக்கொண்டே நிற்கிறவருக்குத் தெரியாது. இப்படிப்பட்ட தரையில் முக்கால் அங்குல ப்ளைவுட் ஒன்றை விரித்து, அதன் மேல் ஜாக்கியை வையுங்கள். ஸ்டாண்டின் நான்கு காலுக்கு அடியிலும் அதே பலகைதான். பார்க்கிங் டைல்ஸ் ஒட்டிய தரைக்கும் இது பொருந்தும். டைலுக்கு அடியில் சிமெண்டுக் கலவை முழுக்கப் பரவாத இடத்தில் ஸ்டாண்டின் கால் பட்டால் ஒரு நொடியில் விரிசல்.

தரையில் போல்ட் அடிக்கும் தூண் லிஃப்ட் என்றால் பேச்சே வேறு. நான்கு அங்குலத்துக்கு மேல் கனமுள்ள, விரிசல் இல்லாத நல்ல கான்கிரீட் வேண்டும். டைல்ஸின் கனம் இந்தக் கணக்கில் சேராது. வீடு கட்டும்போதே இந்த எண்ணம் இருந்தால் கொத்தனாரிடம் சொல்லி அந்த இடத்தில் மட்டும் கம்பி கட்டிக் கனமாகப் போடச் சொல்லுங்கள். பிறகு உடைத்துப் போடுவதற்கு ஆகும் செலவோடு பார்த்தால் இது ஒன்றுமே இல்லை.

4. போர்ட்டிக்கோ தரை மட்டமாக இருக்காது. மழைத் தண்ணீர் வடிய வாட்டம் கொடுத்திருப்பார்கள். ரசமட்டம் வைத்து நீளவாக்கிலும் குறுக்கிலும் பாருங்கள். எவ்வளவு சரிவு வரை தாங்கும் என்பது லிஃப்டோடு வரும் புத்தகத்தில் இருக்கும். தூக்காத சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை கொடுக்காமல் எந்தக் காரையும் தூக்காதீர்கள். ஹேண்ட் பிரேக் பெரும்பாலான கார்களில் பின் சக்கரத்தை மட்டும்தான் பிடிக்கும். பின்பக்கத்தையே தூக்கிவிட்டால் அந்தப் பிடி காற்றோடு போச்சு.

5. மேலேயும் பாருங்கள். போர்ட்டிக்கோ உயரம் பத்தடி என்று வையுங்கள். ஸ்விஃப்ட் சுமார் ஐந்தடி உயரம். இரண்டடி தூக்கினால் ஏழு. கவலை இல்லை. இன்னோவா கிறிஸ்டா ஆறடியை ஒட்டி வரும். அதை நாலடி தூக்கும் தூண் லிஃப்டில் ஏற்றினால் கூரை தட்டும். டிக்கிக் கதவைத் திறந்தால் எங்கே போய் முட்டும் என்பதையும் சேர்த்து அளக்க வேண்டும். தொங்கும் விளக்கு, பீம், சுருட்டி ஏற்றும் ஷட்டரின் உருளை எல்லாம் கணக்கில் வரும். திறந்த முற்றத்தில் தென்னைக்குக் கீழே தூக்குகிறவர்களுக்கு உயரக் கவலை இல்லைதான். காரை இரண்டடி உயர்த்தித் தேங்காய்க்குக் கொஞ்சம் தூரத்தைக் குறைத்துக் கொடுக்கிறோம், அவ்வளவே.

6. டன் கணக்கில் ஏமாறாதீர்கள். கடையில் கேட்டால், “மூணு டன்னு சார், ஆனையே ஏறி நின்னாலும் தாங்கும்லா” என்பார்கள். ஜாக்கியில் எழுதியிருக்கும் எண், அது ஒரு முனையில் தூக்கும் எடை. லிஃப்டில் எழுதியிருப்பது முழுக் காரின் எடை. இரண்டையும் ஒன்றாகப் பார்க்கக் கூடாது. ஆல்ட்டோ ஏறத்தாழ 750 கிலோ, ஸ்விஃப்ட் 900 கிலோவைச் சுற்றி, இன்னோவா கிறிஸ்டா 1,800 கிலோ பக்கம், ஃபார்ச்சூனர் இரண்டு டன்னுக்கு மேல். டிக்கியில் கிடக்கும் சாமானும் இதில் சேரும். வெளிநாட்டு லிஃப்டுகளில் பவுண்டுக் கணக்கில் எழுதியிருக்கும்: 5,000 பவுண்டு என்றால் 2,268 கிலோ, 7,000 பவுண்டு என்றால் 3,175 கிலோ. உங்கள் காரின் எடையைவிடக் குறைந்தது மூன்றில் ஒரு பங்கு கூடுதலாகத் தாங்குவதை வாங்குங்கள்.

7. தூக்கும் இடம் தெரியாமல் லிஃப்ட் வாங்குவது வீண். ஸ்விஃப்ட், ஆல்ட்டோ போன்ற கார்களுக்குத் தனிச் சேஸிஸ் கிடையாது. கதவுக்குக் கீழே உட்கார்ந்து விரலால் தடவிப் பாருங்கள்: இரண்டு தகடுகள் சேர்ந்து கீழ்நோக்கி மடிந்த ஓர் ஓரம் வரும். முன் சக்கரத்துக்குச் சற்றுப் பின்னாலும், பின் சக்கரத்துக்குச் சற்று முன்னாலும் அந்த ஓரத்தில் சின்னதாக இரண்டு வெட்டுகள் இருக்கும். அந்த இரு வெட்டுகளுக்கு நடுவில்தான் தூக்க வேண்டும். அங்கே மட்டும்தான் உள்ளே தகடு கனம். வேறு இடத்தில் கொடுத்தால் ஓரம் நசுங்கும், பெயிண்ட் உரியும், அடுத்த மழைக்கு அங்கிருந்தே துரு ஆரம்பிக்கும். அந்த ஓரம் உட்காரும்படி நடுவில் பள்ளம் வெட்டிய ரப்பர் கட்டை தனியாகக் கிடைக்கிறது, மறக்காமல் வாங்குங்கள்.

பொலேரோ, ஃபார்ச்சூனர், இன்னோவா கிறிஸ்டா போன்றவை ஏணிச் சேஸிஸ் வண்டிகள். அவற்றைச் சேஸிஸில்தான் தூக்க வேண்டும். நெக்ஸான் ஈ.வி. மாதிரி மின்கார்களில் தரைக்கு அடியில் முழுக்கப் பாட்டரிப் பெட்டி. அதில் ஜாக்கி படவே கூடாது.

இரட்டைச் சட்ட லிஃப்ட் வாங்குகிறவர்கள் முன் வெட்டுக்கும் பின் வெட்டுக்கும் இடையிலான தூரத்தை டேப் வைத்து அளந்துகொண்டு கடைக்குப் போங்கள். விளம்பரத்தில் ‘எல்லாக் காருக்கும் பொருந்தும்’ என்றுதான் இருக்கும். சட்டத்தின் நீளத்துக்குள் அந்தத் தூரம் அடங்காவிட்டால் ஒன்றும் செய்ய முடியாது. சட்டம் கீழே படுத்திருக்கும்போது எத்தனை அங்குலம் என்பதும் முக்கியம். ஸ்விஃப்டின் அடி இடைவெளி 163 மில்லிமீட்டர். அதற்குள் சட்டமும் ரப்பர் கட்டையும் நுழைய வேண்டும்.

8. கரண்ட். நம் வீட்டில் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். வளைகுடாவிலிருந்து வருகிறவர்கள் கொண்டுவரும் மெஷின்கள் பெரும்பாலும் இதற்கு ஒத்துவரும். அமெரிக்காவிலிருந்து வருபவை 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ், சரிப்படாது. மோட்டாரை 15 ஆம்பியர் பிளக்கில் எர்த்தோடு கொடுங்கள். ஈரத் தரையில் நிற்கிற வேலை. கசிவு ஏற்பட்டதும் மின்சாரத்தைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. இல்லாத லைனில் வேண்டாம். தூக்கிய நேரத்தில் கரண்ட் போனால் எப்படி இறக்குவது என்பதையும் கடையிலேயே கேட்டு வையுங்கள்.

9. லிஃப்டில் மற்ற எல்லாவற்றையும்விட முக்கியம் பூட்டு. எண்ணெய் அழுத்தத்தில் மட்டும் நிற்கிற லிஃப்டை வாங்கவே வேண்டாம். குறிப்பிட்ட உயரம் வந்ததும் இரும்புக் கொக்கி விழுந்து, எண்ணெய் முழுக்க வடிந்தாலும் கார் இறங்காதபடி நிற்க வேண்டும். ‘கிளிக்’ சத்தம் கேட்டதோடு விட்டுவிடாமல், இரண்டு பக்கமும் கொக்கி சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்று கண்ணால் பார்த்த பிறகே அடியில் போக வேண்டும்.

10. ஹாலோ பிளாக், செங்கல் இவற்றைக் காருக்கு முட்டுக் கொடுப்பதைப் பல வீடுகளில் பார்க்கலாம். அது கொலைபாதகம். ஹாலோ பிளாக் முன்னறிவிப்பு இல்லாமல் நொறுங்கும். தென்னந்தடி நீளவாக்கில் பிளக்கும். கூடுதல் காப்புக்குக் கட்டை வேண்டுமென்றால் நன்றாக உலர்ந்த அயனிக் கட்டைகளைக் குறுக்கும் நெடுக்குமாக அடுக்குங்கள். கழற்றிய சக்கரத்தைக் காருக்கு அடியில் படுக்க வைப்பது இன்னும் சுலபம். ஏதாவது நடந்தாலும் கார் அதன் மேல்தான் விழும்.

11. பழைய பங்களாக்களில் கார் ஷெட்டுக்கு நடுவில், காருக்கு அடியில் நின்று வேலை பார்க்க, குழி இருக்கும். பஸ் டிப்போவிலும் குழிதான். நம் ஊரில் புதிதாகக் குழி தோண்டாதீர்கள். வயல் மனையில் ஐப்பசி வந்தால் தண்ணீர் ஊறி நிற்கும். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது, குழியில் போய்த் தேங்கும். ஒரு பொறி போதும்.

12. ஹைட்ராலிக் சிலிண்டருக்குள் போய் வரும் கம்பியின் பளபளப்புதான் லிஃப்டின் ஆயுள். குளச்சல், மணக்குடி, முட்டம் பக்கம் வீடு என்றால் உப்புக் காற்று அந்தக் கம்பியில் புள்ளி புள்ளியாகத் துரு வைக்கும். அந்தப் புள்ளி ஆயில் சீலை அறுக்கும். ஆரல்வாய்மொழி, தோவாளைப் பக்கத்தில் ஆடிக் காற்று மணலைக் கொண்டுவந்து எண்ணெய்ப் பிசுக்கில் ஒட்ட வைக்கும். வேலை முடிந்ததும் கம்பியை முழுக்க உள்ளே இறக்கி, துணியால் துடைத்து, மூடி வையுங்கள். குறைந்தால் ஊற்ற வேண்டியது ஹைட்ராலிக் ஆயில். ‘எல்லாம் ஆயில்தானே’ என்று பிரேக் ஆயிலை ஊற்றினால் ரப்பர் சீல்கள் ஊறிப் போகும்.

13. பெயரைப் பார்ப்பதைவிட ரிப்பேரைப் பாருங்கள். கோவையின் ஏ.டி.எஸ். எல்ஜி, புதுச்சேரியின் மேனாடெக் போன்ற நிறுவனங்கள் ஒர்க்‌ஷாப் சாமான்களைப் பல ஆண்டுகளாகச் செய்து வருகின்றன. அவர்களிடம் வீட்டுக்குப் பொருந்துவது இருக்கிறதா என்று கேட்கலாம். இறக்குமதி லிஃப்ட் என்றால் ஆயில் சீலும் ஹோஸும் எங்கே கிடைக்கும், எத்தனை நாளில் வரும் என்று எழுதி வாங்குங்கள். ஆன்லைனில் எடுத்த கனமான லிஃப்டைத் திருப்பி அனுப்பும் லாரி வாடகை யார் தலையில் என்றும் முன்பே பாருங்கள். பழையதை வாங்கினால் வெல்டிங் இணைப்புகளைச் சுரண்டிப் பாருங்கள்; புதிதாக அடித்த பெயிண்ட் நல்ல அறிகுறி அல்ல.

14. ‘போர்ட்டபிள்’ என்று போட்டிருந்தாலும் தூக்கிப் பார்த்து வாங்குங்கள். இரட்டைச் சட்ட லிஃப்டில் சின்ன மாடலிலேயே ஒவ்வொரு சட்டமும் நல்ல கனம் இருக்கும். வீட்டில் வயதானவர்கள் மட்டும் இருந்தால் அது ஒரு மூலையில் கிடக்கும்.

15. வந்ததும் காரை ஏற்றாதீர்கள். வெறுமனே பலமுறை ஏற்றி இறக்கி, குழாயில் உள்ள காற்றை வெளியேற்றுங்கள். ஒரு பக்கம் முந்தி மறு பக்கம் பிந்தினால் உள்ளே இன்னும் காற்று இருக்கிறது. பிறகு காரை வைத்து, சக்கரம் தரையை விட்டு எழுந்ததும் நிறுத்தி, பம்பரைப் பிடித்து ஆட்டிப் பாருங்கள். அசைவு இருந்தால் இறக்கி, திரும்பவும் முதலிலிருந்து வையுங்கள்.

16. ஒரே விளையில் அண்ணன் தம்பி மூன்று நான்கு குடும்பம் வீடு கட்டி இருக்கிறீர்கள் என்றால் ஆளுக்கொரு லிஃப்ட் வேண்டாம்; சேர்ந்து ஒன்று வாங்கி, தரை நன்றாக உள்ள வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள். மோட்டாரின் ரிமோட் மட்டும் ஒருவர் கையில் இருக்கட்டும். அவர் இல்லாதபோது யாரும் தூக்கவும் வேண்டாம், இறக்கவும் வேண்டாம்.