இதயத்தசை நோய்களும் பரம்பரையலகுகளும்

க.பொ.த. (சாதாரண தரம்) விஞ்ஞானம்
அலகு: பரம்பரை – மேலதிக விளக்கம்



பரம்பரை அலகைப் படிக்கும்போது தலசீமியா, நிறக்குருடு, குருதி உறையாமை ஆகிய நோய்களை உதாரணங்களாகக் கற்றிருப்பீர்கள். அதே விதிகளுக்கு அமையக் கடத்தப்படும் இன்னொரு நோய்த்தொகுதி இதயத்தசை நோய்கள் ஆகும். நல்ல உடல்நிலையுடன் இருந்த இளைஞர் ஒருவர் ஓடும்போதோ வயலில் வேலை செய்யும்போதோ திடீரென விழுந்து இறந்தால், ‘மாரடைப்பு’ என்றோ ‘விதி’ என்றோ சொல்லி விட்டுவிடுகின்றோம். அதற்குக் காரணம் பரம்பரையலகாக இருந்தால் அந்த வீட்டில் இன்னும் சிலர் அதே ஆபத்துடன் வாழ்கின்றனர். இப்பாடம் பரீட்சைக்கு மட்டுமன்றி உயிர் காப்பதற்கும் பயன்படும்.

1. இதயத்தசை நோய் என்பது என்ன?

மாரடைப்பின்போது இதயத்தசைக்குக் குருதி வழங்கும் முடியுருநாடி அடைபடுகின்றது. இதயத்தசை நோயில் நாடிகள் நன்றாக இருந்தாலும் தசையே பழுதடைந்திருக்கும். இவ்விரண்டையும் ஒன்றாகக் கருதக்கூடாது.

இதன் பிரதான வகைகள் மூன்று.

(அ) தடிப்பு வகை: இடது இதயவறையின் சுவர், சிறப்பாக இதயவறைகளுக்கு இடையிலான பிரிசுவர், அளவுக்கு மீறித் தடிக்கும். வளர்ந்தவரில் வழமையாக ஏறத்தாழ 1 செ.மீ. தடிப்புள்ள சுவர் 1.5 செ.மீ. அல்லது அதற்கு மேலாகும். ஏறக்குறைய 500 பேரில் ஒருவருக்கு இது உண்டு.

(ஆ) விரிவு வகை: இதயவறை பெருத்துச் சுவர் நலிவடையும். குருதியைத் தள்ளும் வலு குறையும்.

(இ) இலயக்குழப்ப வகை: தசைக் கலங்கள் ஒன்றிலிருந்து ஒன்று பிரிந்து அழிய, அவ்விடத்தைக் கொழுப்பும் வடு இழையமும் நிரப்பும். இதனால் இதயத்துடிப்பின் ஒழுங்கு குலையும்.

2. தசை சுருங்குவது எவ்வாறு?

நிமிடத்துக்கு 72 தடவை துடிக்கும் இதயம் ஒரு நாளில் 1,03,680 தடவை துடிக்கின்றது. இவ்வேலையைச் செய்பவை கலங்களினுள் இருக்கும் புரத இழைகளாகும். மயோசின் என்னும் தடித்த இழை அக்ரின் என்னும் மெல்லிய இழையைப் பற்றி இழுக்கின்றது. ஊர் கூடி வடம் பிடித்துத் தேர் இழுப்பதை நினைத்துக்கொள்ளுங்கள். வடம் அக்ரின், இழுக்கும் கைகள் மயோசின், கைகளுக்கு வலுத் தருவது இழைமணிகள் உண்டாக்கும் ஏ.ரி.பி. கைகள் மிஞ்சி இழுக்காமல் கட்டுப்படுத்துவதற்கு வேறொரு புரதம் உண்டு. அதன் பெயர் மயோசின் பிணைப்புப் புரதம் சி. சுருங்கிய தசையைப் பழைய நிலைக்கு மீட்க உதவும் வில்லுச்சுருள் போன்ற புரதம் ரைற்றின் ஆகும். 30,000 க்கு மேற்பட்ட அமினோவமிலங்களைக் கொண்ட இதுவே மனித உடலின் மிகப் பெரிய புரதம்.

3. ஒரு மூலம் மாறினால் என்ன நிகழும்?

புரதத்தில் அமினோவமிலங்கள் அமையும் ஒழுங்கைத் தீர்மானிப்பது டி.என்.ஏ. யிலுள்ள நைதரசன் மூலங்களின் ஒழுங்காகும். அவ்வொழுங்கில் ஏற்படும் மாற்றம் விகாரம் எனப்படும்.

தடிப்பு வகை நோயை 1958 இல் இலண்டன் நோயியல் வைத்தியர் டொனால்ட் ரீயர் விவரித்தார். அவர் பார்த்த இளம் நோயாளிகளில் பெரும்பாலானோர் திடீரென இறந்தவர்கள். இதன் மூலக்கூற்றுக் காரணம் 1990 இல் வெளியாகியது. கனடாவின் கியூபெக் மாகாணத்துக் குடும்பம் ஒன்றில், 14 ஆம் நிறமூர்த்தத்திலுள்ள மயோசின் பரம்பரையலகில் ஒரேயொரு குவானைன் இருக்கவேண்டிய இடத்தில் அடினைன் இருந்தது. இதனால் 1,935 அமினோவமிலங்களைக் கொண்ட சங்கிலியின் 403 ஆவது இடத்தில் ஆர்ஜினினுக்குப் பதிலாகக் குளுற்றமின் அமைந்தது. இந்த ஒரு மாற்றமே தலைமுறைகளாக அக்குடும்பத்தினரின் உயிரைப் பறித்து வந்தது.

புரதங்களும் அவற்றின் குறைபாட்டால் தோன்றும் நோய்களும் வருமாறு:

• மயோசின், மயோசின் பிணைப்புப் புரதம் சி – பெரும்பாலும் தடிப்பு வகை
• ரைற்றின் குறுகிப்போதல் – விரிவு வகை
• கலங்களை ஒன்றோடொன்று இணைக்கும் புரதங்கள் – இலயக்குழப்ப வகை

தடிப்பு வகையில் தசை அளவுக்கு மீறி இழுத்து ஏ.ரி.பி. யை வீணாக்குகின்றது. நாளடைவில் தசைநார்கள் ஒழுங்கிழந்து, இடையிடையே வடு உண்டாகின்றது. இதயத்தின் மின்கணத்தாக்கம் அவ்விடங்களில் வழிமாறலாம். அப்போது இதயவறை சுருங்காது வெறுமனே நடுங்கும். மூளைக்குக் குருதி செல்லாது. திடீர் மரணத்துக்குக் காரணம் இதுவே.

மயோசினின் மிகையான இழுப்பைக் குறைக்கும் மாவகாம்டென் என்னும் மருந்துக்கு 2022 இல் ஐக்கிய அமெரிக்கா அனுமதி வழங்கியது. மூலக்கூற்றை அறிந்ததனால் கிடைத்த பயன் இது.

4. கடத்தப்படும் முறைகள்

தடிப்பு வகை பெரும்பாலும் ஆட்சியான முறையில் கடத்தப்படுகின்றது. நோய்க்குரிய எதிருருவை ‘நோ’ எனவும் வழமையான எதிருருவை ‘வ’ எனவும் குறிப்போம்.

தந்தை: நோவ    தாய்: வவ
தந்தையின் புணரிகள்: நோ, வ    தாயின் புணரிகள்: வ, வ
பிள்ளைகள்: நோவ, நோவ, வவ, வவ

எனவே ஒவ்வொரு பிள்ளைக்கும் இவ்வெதிருரு வருவதற்கான நிகழ்தகவு 1/2. ஆண், பெண் வேறுபாடு இல்லை.

இங்கு மாணவர் பலர் தவறு விடுகின்றனர். ‘நான்கு பிள்ளைகளில் இருவருக்குக் கட்டாயம் வரும்’ என எழுதுதல் பிழை. நாணயத்தை ஒவ்வொரு முறை சுண்டும்போதும் நிகழ்தகவு புதிதாகத் தொடங்குவதுபோல, ஒவ்வொரு பிள்ளைக்கும் 1/2 தான். மூன்று பிள்ளைகளில் ஒருவருக்கேனும் வராதிருப்பதற்கான நிகழ்தகவு 1/2 × 1/2 × 1/2 = 1/8.

பின்னிடைவான முறைக்கு உதாரணம் கிரேக்க நாட்டின் நக்சோஸ் தீவில் 1986 இல் விவரிக்கப்பட்ட நோயாகும். கலங்களை இணைக்கும் புரதமொன்றின் குறைபாடே காரணம் என 2000 இல் அறியப்பட்டது. நோயாளிகளுக்குக் கம்பளி போன்ற சுருள்முடியும் தடித்த உள்ளங்கைத் தோலும் காணப்படும். பெற்றோர் இருவரும் காவிகளாயின் பிள்ளைக்கு நோய் வரும் நிகழ்தகவு 1/4. மச்சான் மச்சாள் போன்ற நெருங்கிய உறவினர் ஒரே முன்னோரிடமிருந்து ஒரே எதிருருவைப் பெற்றிருக்கலாம். ஆகவே இரத்த உறவுத் திருமணத்தில் இவ்வாறான வாய்ப்பு அதிகம்.

இழைமணியின் டி.என்.ஏ. யில் விகாரம் இருப்பின் அது தாய்வழியாக மட்டுமே கடத்தப்படும்.

5. நம் பிரதேசத்தின் விகாரம்

11 ஆம் நிறமூர்த்தத்தில் மயோசின் பிணைப்புப் புரதம் சி க்குரிய பரம்பரையலகு உண்டு. அதில் 25 மூலச்சோடிகள் இல்லாதிருத்தல் இந்தியர், இலங்கையர், பாகிஸ்தானியர் முதலிய தெற்காசிய மக்களில் காணப்படுகின்றது. பெருந்துறை தண்டபாணி, ஹைதராபாத் கல மற்றும் மூலக்கூற்று உயிரியல் மையத்தின் குமாரசாமி தங்கராஜ் முதலானோர் 2009 இல் வெளியிட்ட ஆய்வின்படி, தெற்காசியரில் ஏறத்தாழ 4 சதவீதத்தினர் இதனைக் கொண்டுள்ளனர். 500 மாணவர் உள்ள ஒரு பாடசாலைக்கு இவ்வீதத்தைப் பிரயோகித்தால் 20 பேர்.

இதயம் பலவீனமடையும் ஆபத்து இவர்களுக்குச் சுமார் 7 மடங்கு என அவ்வாய்வு கூறியது. அப்படியாயின் ஒரு வகுப்பில் ஒருவர் நோயாளியா? அவ்வாறு அன்று. 2020 இல் வெளியான மீளாய்வு, இந்த இழப்பைக் கொண்டோரில் சிலரிடம் அதே பரம்பரையலகில் இரண்டாவது விகாரமொன்றும் சேர்ந்திருப்பதையும், தடிப்பு வகை நோயின் ஆபத்து அந்த இரண்டாவது விகாரத்தாலேயே விளக்கப்படுவதையும் காட்டியது.

இதிலிருந்து இரண்டு விடயங்களை அறியலாம். ஒன்று, இரண்டு பொருள்கள் சேர்ந்து காணப்படுவதால் மட்டும் ஒன்று மற்றதற்குக் காரணம் ஆகிவிடாது. மற்றது, பிறப்புரிமையமைப்பு வேறு, தோற்றவமைப்பு வேறு. உண்மையான நோய் விகாரத்தைக் கொண்டவர்களிலும் ஒருவருக்கு 15 வயதில் நோய் வெளிப்படலாம்; அவரது அண்ணனுக்கு 50 வயதில் வெளிப்படலாம்; தாயிடம் ஒருபோதும் வெளிப்படாமலும் இருக்கலாம்.

6. குடிவழி வரைபடம்

ஆண் சதுரம், பெண் வட்டம், நோயுற்றவர் நிழற்றப்பட்ட குறியீடு, இறந்தவர் குறுக்குக்கோடு. இக்குறியீடுகளால் மூன்று தலைமுறைகளை வரைக.

வன்னியில் இதனை வரைவோர் ஒரு விடயத்தில் கவனமாக இருக்கவேண்டும். 2009 இல் முடிவுற்ற போரில் பல குடும்பங்கள் உறவினரையும் ஆவணங்களையும் இழந்தன. வரைபடத்தில் இளவயது மரணம் ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் காரணத்தை எழுதுங்கள். போரில் இறந்தவரை நோயால் இறந்தவராக நிழற்றக்கூடாது. ஆனால் அவரை வரைபடத்திலிருந்து நீக்கவும் கூடாது. அவர் எதிருருவைக் காவியிருக்கலாம். அவரது பிள்ளைகள் இன்று உங்கள் வயதில் இருக்கலாம். ஆவணம் இல்லாத இடத்தில் அம்மம்மாவின் ஞாபகமே சான்று. வெளிநாட்டிலுள்ள சித்தப்பா, மாமி ஆகியோரிடமும் தொலைபேசியில் கேட்கலாம்.

வைத்தியரிடம் கட்டாயம் சொல்லவேண்டியவை:

• ஓடும்போது அல்லது கடும் வேலையின்போது மயங்கி விழுதல்
• அவ்வேளையில் நெஞ்சுவலி, படபடப்பு, அளவுக்கு மீறிய மூச்சிரைப்பு
• குடும்பத்தில் இளவயதுத் திடீர் மரணம்

மயங்கி விழுந்தவரை ‘வெயில்தான்’ என்று சொல்லி மறுநாளும் ஓடவிடக்கூடாது. ஈ.சி.ஜி., எக்கோ ஆகிய பரிசோதனைகள் வலியற்றவை. அருகிலுள்ள அரசாங்க வைத்தியசாலையில் காட்டினால், தேவைப்படுமிடத்து இதயநோய்ப் பிரிவுக்கு அனுப்புவர். திடீர் மரணம் நிகழ்ந்த வீட்டார் பிரேத பரிசோதனை அறிக்கையைப் பாதுகாத்து வைக்கவேண்டும். உயிருடன் இருப்பவர்களுக்கு அது உதவும்.

நினைவிற் கொள்க

விகாரம் → புரத மாற்றம் → தசைப் பழுது → இலயக் குழப்பம். ஒருவருக்கு நோய் எனின் பெற்றோர், சகோதரர், பிள்ளைகள் அனைவரும் பரிசோதிக்கப்பட வேண்டும்.

பயிற்சி

1. நோவ, வவ ஆகிய பெற்றோரின் முதல் இரு பிள்ளைகளும் நோ எதிருருவைக் கொண்டுள்ளனர். மூன்றாம் பிள்ளைக்கு அது வருவதற்கான நிகழ்தகவு
(1) 0   (2) 1/8   (3) 1/4   (4) 1/2

2. முடியுருநாடிகள் அடைபடாத நிலையிலும் ஏற்படக்கூடிய இதயத்தசை நோயின் நேரடிக் காரணம்
(1) கொலஸ்திரோல் படிதல்   (2) தசைப் புரதத்தின் மாற்றம்   (3) குருதி உறைதல்   (4) செங்குழியக் குறைவு

3. 32 வயதுத் தாய் ஒருவர் வயலில் திடீரென இறந்தார். இடது இதயவறைச் சுவர் தடித்திருந்ததாக அறிக்கை கூறுகின்றது. அவருக்கு 8, 12, 16 வயதுப் பிள்ளைகள் உள்ளனர்.
(அ) மூவரையும் பரிசோதிக்கவேண்டியது ஏன்?
(ஆ) 12 வயதுப் பிள்ளையின் எக்கோ அறிக்கை இன்று வழமையாக உள்ளது. சில ஆண்டுகளின் பின் மீண்டும் பரிசோதிக்கவேண்டியது ஏன்?

விடைகள்

1. (4)
2. (2)
3. (அ) நோய் பெரும்பாலும் ஆட்சியான முறையில் கடத்தப்படுவதால் ஒவ்வொருவருக்கும் எதிருரு வரும் நிகழ்தகவு 1/2 ஆகும். ஒருவருக்கு இருப்பதோ இல்லாதிருப்பதோ மற்றவரைப் பற்றி எதனையும் கூறாது.
(ஆ) எதிருரு பிறப்பிலிருந்தே இருந்தாலும் தசைத் தடிப்பு பிற்காலத்திலேயே, சிறப்பாக வளரிளம் பருவத்தில், வெளிப்படலாம்.