புதிதாய்ப் பயில்வோரும் பொதுச் சாலையும்

சிறுவரும் புதிதாய்ப் பயில்வோரும் மிதிவண்டியேறிச் செல்லுதற்கு நம் சாலைகள் ஏற்றனவா என்னும் வினாவிற்குப் பெரியோர் பலர் இறுக்கும் விடை ஒன்றே: நன்றாய்ப் பழகிய பின்னர்ச் சாலைக்குப் போகட்டும் என்பது. இவ்விடை தவறன்று, ஆயினும் முழுமையானதுமன்று என்பதே எம் கருத்து.

மிதிவண்டி விழாது ஓடும் முறையை முதற்கண் நோக்குவோம். வண்டி ஒரு பக்கம் சாயுமாயின், ஓட்டுவோன் அப்பக்கமே முன் சக்கரத்தைத் திருப்பி வீழ்ச்சியைத் தடுக்கின்றான். பழகியவனிடத்து இச்செயல் கண்ணுக்குப் புலனாகாது. பழகாதவனோ வேண்டியதற்கு மேல் திருப்பி, அதனைச் சரிசெய்ய மறுபுறமும் அவ்வாறே திருப்புகின்றான். ஆதலின் அவன் செல்லும் வழி நேர்கோடன்று. பாம்பு ஊர்ந்த தடமாம். வேகம் குறையுந்தோறும் அவ்வளைவு பெருகும். அச்சமோ வேகத்தைக் குறைக்கச் செய்யும். எனவே, பின்னே ஒரு பேருந்து ஹாரன் முழக்கும் அந்த நொடியிலேதான் பயில்வோனுக்கு அகலம் மிகுதியும் வேண்டும். அந்த நொடியிலேதான் அஃது அவனுக்குக் கிடைப்பதில்லை. நம் சாலைகளின் இடப்புற ஓரம் எத்தகையது என்பதை யாவரும் அறிவர்: மணற்குவியல், உடைந்த விளிம்பு, நிறுத்திவைத்த கார், எதிர்பாராது திறக்கும் அதன் கதவு.

யாம் ஒன்பதாம் வயதில், மாமாவின் உயர்ந்த சைக்கிளிற் குரங்குப் பெடல் மிதித்து, ஊர்த் திடலிலே பயின்றோம். ஒரு திங்கள் விழாது ஓட்டியபின், தேறிவிட்டோம் என்னும் செருக்கோடு பெருஞ்சாலைக்குச் சென்றோம். முதல் லாரி எம்மைத் தொடவில்லை. அதன் காற்றே போதுமாயிருந்தது. முழங்கையில் அத்தழும்பு இன்றும் உளது. திடலிற் கற்ற வித்தையில் ஒரு குறையுமில்லை. திடலில் லாரி இல்லை, அவ்வளவே.

விரைவு இருமடங்கானால் மோதும் ஆற்றல் நான்கு மடங்காம் என்பது பள்ளியிற் படித்த பாடமே. மணிக்கு 60 கிலோமீட்டர் விரையும் ஊர்தி ஒரு நொடியில் ஏறக்குறைய 17 மீட்டர் கடக்கும். 30 கிலோமீட்டர் விரைவினதோ 8 மீட்டருக்குச் சிறிது மிகுதியே கடக்கும். தடுமாறும் சிறுவனுக்கும் அவனைக் கண்டு பிரேக்கு மிதிப்பவனுக்கும் இடையே உயிர் நிற்பது அவ்வெஞ்சிய தூரத்தில்தான். அன்றியும், எதிர்வரும் ஊர்தியின் வேகத்தை அளந்தறியும் திறன் சிறுவர்க்கு வயது ஏறவேதான் முதிரும், அதட்டலால் முதிராது.

இது தீராத குறையோ எனின், அன்று. ஒல்லாந்து நாட்டில் 1971ஆம் ஆண்டிற் சாலை விபத்துக்களால் மாண்டோர் 3,000க்கு மேற்பட்டோர். அவருள் 400க்கு மேற்பட்டோர் சிறார். பெற்றோர் தெருவிலிறங்கிச் சிறார் கொலையை நிறுத்துமாறு முழங்கினர். குடியிருப்புத் தெருக்களில் மோட்டார் வண்டி மனிதன் நடக்கும் வேகத்திற்கு அடங்க வேண்டுமென்னும் முறை 1976இற் சட்டமாயிற்று. பெருஞ்சாலைகளின் அருகே தனி மிதிவண்டிப் பாதைகளும் பெருகின. அந்நாட்டுப் பள்ளிச் சிறார்க்கும் சாலைத் தேர்வு உண்டு என்பது மெய்யே. ஆயினும் அவர்கள் சிறுவனை மட்டும் திருத்த முற்படவில்லை; சாலையையே திருத்தினர்.

நம் நாட்டிலும் பயில்வோர்க்கு ஊக்கம் குறைவன்று. 1991இற் புதுக்கோட்டை மாவட்டத்து அறிவொளி இயக்கத்தில், எழுத்தோடு சைக்கிளும் கற்ற பெண்கள் பல்லாயிரவர். 2001ஆம் ஆண்டளவில் ஆதிதிராவிடர், பழங்குடி மாணவியர்க்கென நம் மாநில அரசு தொடங்கிய விலையில்லாச் சைக்கிள் பின்னர் ஏனை மாணவர்க்கும் விரிந்தது. வண்டி கொடுத்தாயிற்று; அஃது ஓடும் ஓரடி இடத்தைக் கொடுக்க எவர்க்கும் தோன்றவில்லை.

எம் தங்கைக்கும் அத்தகைய வண்டி ஒன்று கிடைத்துளது. பள்ளி பெருஞ்சாலை வழியே 3 கிலோமீட்டர். ஏரிக்கரை வழியே 5. தந்தையார் பெருஞ்சாலைக்கு இசையார். அவளும் வாதாடிப் பார்த்துத் தோற்று, ஏரிக்கரையையே பற்றினள். வழியில் நாரைகளை எண்ணுவதாகச் சொல்லிக்கொள்கிறாள். ஐப்பசியில் கரை சேறாகும். அப்போது அவள் பேருந்திற்குக் காத்து நிற்பாள். சைக்கிள் திண்ணையில் நிற்கும்.