இறகில் ஒரு குடித்தனம்

கோல் மார்க்கெட்டில் என் அறை வாசலில் நாள்தோறும் புறா இறகுகள் உதிர்ந்து கிடக்கும். ஆனால் உதிர்ந்த இறகில் இறகுச் சிற்றுண்ணிகளைக் காண்பது அரிது. ஏன்?

சிலந்திக்கு உறவினமான இவை ஒரு மில்லிமீட்டருக்கும் சிறியவை. சிறகின் அடிப்புறத்தே, இறகிழைகளின் இடுக்கில் வாழ்பவை. இறகு உதிருமுன்னரே வேறு இறகுக்குக் குடிபெயர்ந்துவிடும். சிறு பறவைகளை ஆராய்ந்த ஸ்பானிய அறிஞர்கள் 2001-இல் இதனை எடுத்துக்காட்டினர்.

பெரும்பாலும் கூட்டிலேயே தாய்ப்பறவையிடமிருந்து குஞ்சுக்கு இவை சென்று சேர்கின்றன. ஆதலால் பறவையினம் மாறினால் சிற்றுண்ணியும் மாறும். குளிர்காலத்தில் யமுனைக்கு வரும் கடற்காகங்கள் சுமப்பவை வேறு. நம் புறாக்கள் சுமப்பவை வேறு.

இவற்றை ஒட்டுண்ணிகள் என்றே நெடுங்காலம் கூறினர். ஆனால் இவை குருதி குடிப்பதில்லை. இவற்றின் குடலில் உள்ள உணவை அண்மையில் மரபணு முறையில் சோதித்தபோது, பூசணமும் பாக்டீரியாவுமே மிகுதியாகத் தென்பட்டன. எனவே, இறகைத் துப்புரவு செய்யும் துணைவர்கள் எனக் கருதவும் இடமுண்டு.

புறாக் கூட்டில் பதுங்கி, இரவில் குருதி குடிக்கும் செவ்வுண்ணி வேறோர் இனம். இரண்டையும் ஒன்றெனக் கொண்டு பழி சுமத்துதல் முறையன்று. பிறரிடத்தில் குடியிருப்போர் எல்லாம் சுரண்டுவோர் அல்லர். வெளியூரில் வாழும் நமக்கு இது விளங்காததா?