பூத்தும் காய்க்காத தக்காளி

(அங்கத்தினர் கல்விப் பாடம்)

சென்ற ஆண்டு சித்திரை மாதத்தில், பொன்னமராவதிப் பக்கத்துச் சங்கம் ஒன்றின் கணக்குகளைப் பார்வையிடச் சென்றிருந்தோம். வேலை முடிந்து புறப்படும் தறுவாயில், மூத்த அங்கத்தினரான அம்மையார் ஒருவர் நம்மைத் தமது வீட்டுக் கொல்லைக்கு அழைத்துச் சென்றார். அங்கே பன்னிரண்டு தக்காளிச் செடிகள் இடுப்பளவு வளர்ந்து, கொத்துக் கொத்தாய்ப் பூத்து நின்றன. ஆனால் ஒரு செடியிலேனும் காய் இல்லை. பூக்களெல்லாம் தரையில் உதிர்ந்து கிடந்தன.

“இரண்டு தடவை உரம் வைத்தேன், ஐயா. பூ உதிராமல் இருக்க மருந்து என்று கடையில் கொடுத்ததையும் தெளித்தேன். நானூறு ரூபாய்க்கு மேல் போய்விட்டது. சங்கத் தவணைக்கென்று எடுத்து வைத்திருந்த பணம் அது” என்றார்.

படித்தவர் என்ற மதிப்பினால் நம்மிடம் கேட்ட அவருக்கு, நாம் அன்று கூறிய விடை, “இன்னும் சிறிது யூரியா வையுங்கள், அம்மா” என்பதே. அது தவறான விடை. அவ்வாறே அவர் செய்தார், செடி மேலும் தழைத்தது, காய் வரவில்லை. அத்தவறு நம் மனத்தை உறுத்தியதால், தோட்டக்கலை கற்றவர்களிடம் கேட்டும், நூல்களைப் படித்தும் தெரிந்து கொண்டவற்றை இங்கே அங்கத்தினர்களின் முன் வைக்கிறோம்.

1. பூ உதிர்வது ஏன்?

தக்காளியின் பூர்விகம் தென் அமெரிக்காவின் மேற்குப் பகுதியாகும். அது பகலில் வெயிலையும் இரவில் குளிர்ச்சியையும் வேண்டும் செடி. காய் பிடிப்பதற்கு இரவு உஷ்ணம் 15 முதல் 20 டிகிரி செல்சியஸ் வரை இருத்தல் உத்தமம். பகலில் 35 டிகிரிக்கு மேலும், இரவில் 24 டிகிரிக்குக் குறையாமலும் உஷ்ணம் நீடிக்குமாயின், மகரந்தம் சரிவர முதிர்வதில்லை. கரு தரியாத பூ, காம்பிலுள்ள கணுவில் கழன்று விழுந்து விடுகிறது.

நமது வட்டாரத்தில் சித்திரை, வைகாசி மாதங்களின் இரவுகள் எவ்வளவு புழுக்கமானவை என்பதை எவருக்கும் கூற வேண்டுவதில்லை. ஆகவே குறை மண்ணிலும் இல்லை, உரத்திலும் இல்லை, இரவின் உஷ்ணத்தில் இருக்கிறது. தழைச்சத்தை மேலும் கொடுத்தால் இலை பெருகுமேயன்றிக் காய் வாராது. அம்மையாருக்கு நாம் அன்று சொல்லியிருக்க வேண்டியது, “இச்செடிகளைப் பிடுங்கிவிட்டு வெண்டையும் கொத்தவரையும் ஊன்றுங்கள்” என்பதுதான். அவை கோடையைத் தாங்குவன. கோடையிலும் தக்காளிதான் வேண்டும் என்போர், கோலிக்குண்டு போன்ற சிறுபழ இரகங்களை நட்டுப் பார்க்கலாம். அவை பெரும்பழ இரகங்களைவிட உஷ்ணத்தில் ஓரளவு காய் பிடிக்கும்.

2. பருவம் பார்த்து விதைத்தல்

பூக்கும் காலம் குளிர்ந்த இரவுகளில் அமையுமாறு பின்னோக்கிக் கணக்கிட வேண்டும். நம் பக்கத்தில் குளிர்ந்த இரவுகள் மார்கழி, தை மாதங்களில் வருகின்றன. ஆகவே,

ஐப்பசிக் கடைசியில் விதைத்தல்;
கார்த்திகைக் கடைசியில், 25 முதல் 30 நாள் வயதுடைய நாற்றை நடுதல்;
மார்கழிக் கடைசியிலும் தையிலும் பூத்தல்;
மாசி, பங்குனியில் பழம் பறித்தல்

என்னும் வரிசை நமக்கு ஏற்றது. ஐப்பசியும் கார்த்திகையும் அடைமழைக் காலமாதலின், நாற்றுகளை மழை நேரே தாக்காதபடி கூரையோரத்தில் வைத்துக் காத்தல் அவசியம்.

பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரி, அன்னஞ்சி என்னும் நாட்டு இரகத்திலிருந்து உருவாக்கிய ‘பி.கே.எம். 1’ தமிழ்நாட்டில் நன்கு அறிமுகமானது. இது வீரிய ஒட்டு அன்று. எனவே நல்ல பழத்திலிருந்து விதை எடுத்து மறு ஆண்டுக்கு வைத்துக் கொள்ளலாம். ஒட்டு விதையில் இந்த அனுகூலம் இல்லை.

3. வளர்ப்பு முறை

கொல்லையில் நடுவோர் வரிசைக்கு வரிசை இரண்டடியும், செடிக்குச் செடி ஒன்றரை அடியும் விட வேண்டும். கத்தரி, மிளகாய் இருந்த இடத்தில் நடலாகாது. அவற்றின் நோய்கள் இதற்கும் பற்றும். கொல்லை இல்லாதோர், ஓரடிக்குக் குறையாத ஆழமுள்ள தொட்டியில் அடியில் துளையிட்டு, செம்மண் இரண்டு பங்கு, மட்கிய தொழு உரம் ஒரு பங்கு, மணல் ஒரு பங்கு கலந்து நிரப்பி, தொட்டிக்கு ஒரு செடி வீதம் நடலாம். நாளொன்றுக்கு ஆறு மணி நேரமேனும் வெயில் வேண்டும்.

தண்ணீரைக் காலையில் ஒரே சீராக விடுக. ஒரு நாள் வெள்ளமும் மறுநாள் வறட்சியுமாக இருந்தால், செடிக்குச் சுண்ணாம்புச் சத்து சரிவரச் சேராமல் பழத்தின் அடி கறுத்து அழுகும். வேரடியில் வைக்கோல் அல்லது சருகு பரப்பினால் ஈரம் காக்கும்.

இலை சுருண்டு செடி குறுகுவது வெள்ளை ஈ பரப்பும் நச்சுயிரி நோய். அதற்கு மருந்து இல்லை. அத்தகைய செடியை உடனே அகற்றுக. நாற்றுகளைப் பழைய நைலான் கொசுவலையால் மூடி வளர்ப்பது சிறந்த காப்பு. பூச்சிகளைக் கட்டுப்படுத்த, லிட்டர் தண்ணீருக்கு 50 கிராம் வீதம் இடித்த வேப்பங்கொட்டைப் பருப்பை இரவு முழுவதும் ஊறவைத்து, வடிகட்டித் தெளிக்கலாம்.

நெசவாளர் அங்கத்தினர்களுக்கு இரண்டு சொற்கள்: அறுந்த பருத்தி இழைகள் செடியைக் கம்புடன் தளரக் கட்ட மிகவும் ஏற்றவை. ஆனால் சாயம் தோய்த்த நீரை ஒருபோதும் செடிக்கு ஊற்றலாகாது. அதிலுள்ள உப்புக்கள் வேரையும் மண்ணையும் கெடுக்கும்.

பங்குனி வெயிலில் 30 டிகிரிக்கு மேல் பழத்தின் செந்நிறம் சரிவரப் பிடிப்பதில்லை. சற்றே நிறம் மாறியவுடன் பறித்து, வீட்டினுள் நிழலில் பழுக்க வைப்பது நன்று.

4. சங்கம் செய்யக் கூடியது

நன்கு பேணினால் செடிக்கு ஏறத்தாழ ஒரு கிலோ பழம் எதிர்பார்க்கலாம். எட்டுச் செடி வைத்த வீட்டிற்கு, வாரம் ஒரு கிலோ வீதம் இரண்டு மாதம் கிடைக்கும். இது பெரும் வருமானம் அன்று. ஆகவே இதற்கெனக் கடன் வாங்குவதும், தவணைப் பணத்தைச் செலவிடுவதும் வேண்டா.

செலவைக் குறைக்கும் வழி கூட்டு முயற்சியே. பத்து கிராம் விதையில் ஏறத்தாழ 3,000 விதைகள் இருக்கும். அவற்றுள் 2,000 நாற்றுகள் தேறினாலும், எட்டு வீதம் 250 வீடுகளுக்குப் போதும். தனி வீடு ஒன்றுக்கு வீணாகும் பொட்டலம், ஒரு சங்கத்திற்குப் போதுமானது. 2023 ஜூலையில் தக்காளி கிலோ நூறு ரூபாயைத் தாண்டியபோது, சென்னையில் பண்ணைப் பசுமைக் கடைகளிலும் நியாய விலைக் கடைகளிலும் 60 ரூபாய்க்கு விற்றது கூட்டுறவுத் துறையே. விலை ஏறியபின் பெரிய அளவில் துறை செய்த உதவியை, பருவம் வருமுன் சிறிய அளவில் நமது சங்கங்கள் செய்யலாம்.

சென்ற கார்த்திகையில் அந்த அம்மையாருக்குப் பன்னிரண்டு நாற்றுகள் கொண்டுபோய்க் கொடுத்தோம். இரண்டு செடிகள் மழையில் அழுகின. பத்துச் செடிகள் காய்த்தன. மாசியில் நாம் சென்றபோது ஒரு முறம் பழம் காட்டினார். “இதைச் சித்திரையிலேயே சொல்லியிருந்தால் நானூறு ரூபாய் மிஞ்சியிருக்குமே, ஐயா” என்றார். அவர் கூறியது நியாயமே.

கூட்டத்தில் ஆராய்வதற்குரிய வினாக்கள்

1. நமது ஊரில் சென்ற கோடையில் தக்காளி நட்டோர் எத்தனை பேர்? அவர்கள் உரத்திற்கும் மருந்திற்கும் செலவிட்டது எவ்வளவு?
2. ஐப்பசிக்குள் பொது நாற்றங்கால் அமைக்க நிழலும் தண்ணீரும் உள்ள இடம் எது? அதைப் பேணும் பொறுப்பை எவர் ஏற்பார்?
3. விதைக்காகத் தனித்துவிட வேண்டிய செடிகளை எவர் வீட்டில் வளர்ப்பது?