வாடும் தென்னையை மீட்டல்

வளவில் நிற்கும் தென்னையொன்று மஞ்சள் பாரித்து, காய் சிறுத்து, குரும்பட்டி கொட்டத் தொடங்கியதும் கோடரிக்காரனை அழைப்பவர் எம்மிடையே பலர். அழைக்குமுன் மரத்தின் வட்டை அண்ணாந்து பாருங்கள். தென்னைக்கு உள்ளது ஒரேயொரு குருத்து. அது பட்டால் மரமும் பட்டது. குருத்து பச்சையாய் நேராய் நிற்குமாயின் மரத்தை மீட்க இடமுண்டு.

அடுத்து நோக்கவேண்டியது மஞ்சள் எங்கே தொடங்கியது என்பதாகும். அடியோலைகள் முதலில் மஞ்சளாகி, நுனியும் ஓரமும் கருகினால் பொற்றாசு போதவில்லை என்க. ஓலையில் வெயில் படும் பகுதி மஞ்சளாகவும் நிழற்பகுதி பச்சையாகவும் இருப்பின் அது மகனீசியக் குறைவு. இக்குறைவுக்குப் பிறவிடங்களில் டொலமைற்று இடுவர். சுண்ணக்கற்பாறை மீதமைந்த குடாநாட்டு மண்ணில் அது எளிதிற் கரையாது. மகனீசியஞ் சல்பேற்றே விரைந்து பயன்தரும். லுணுவிலையிலுள்ள தென்னை ஆராய்ச்சி நிலையம் காய்க்கும் மரமொன்றுக்கு ஆண்டுதோறும் 3 கிலோகிராம் கலப்புப் பசளை விதிக்கின்றது. அதிற் பாதிக்கு மேல் பொற்றாசுப் பசளையே. மாரி மழையால் மண் நன்கு ஈரமான பின், அடிமரத்தைச் சுற்றி ஆறடி வட்டம் முழுவதும் பரவத் தூவிக் கொத்தி மூடுதல் வேண்டும். அடியோடு குவித்தல் ஆகாது.

பசளை இட்டும் கோடையில் நீரில்லையேல் பயனில்லை. கிணற்றடித் தென்னை செழித்திருப்பதைக் கண்டிருப்பீர்கள். தூரத்து மரங்களுக்குப் பொச்சுமட்டையைக் கிடங்கில் அடுக்கிப் புதைத்தால், அது மாரி நீரை உறிஞ்சி வைத்துப் பின்னர் வேருக்குக் கொடுக்கும். அடுப்பெரிக்கப் பொச்சு வேண்டுமென்பார் வீட்டார். பாதியையேனும் மரத்துக்குத் திருப்பிக் கொடுங்கள்.

விரிந்த ஓலை கத்தரித்தாற் போல முக்கோணமாக வெட்டுண்டிருப்பின் அது கருவண்டின் வேலை. அதன் புழு வளர்வது உங்கள் எருக் கிடங்கிலேயே. மரத்தில் மருந்திட்டு, கிடங்கைக் கிளறாது விடுவது வீண்வேலை. புழுக்களைப் பொறுக்கி அழித்து, மேல் மட்டைக் கவடுகளில் வேப்பங்கொட்டைத் தூளையும் மணலையும் கலந்து இடுக. செவ்வண்டோ இதனினும் கொடியது. அடிமரத் துளையில் செந்நீர் கசியும். காதை வைத்தால் உள்ளே அரிக்கும் ஓசை கேட்கும். அன்றே விவசாயப் போதனாசிரியருக்கு அறிவியுங்கள். இவ்வண்டு புண்வாயிலையே நாடி வருவதால், ஏறுவதற்குப் படி வெட்டுவதையும் பச்சை மட்டை தறிப்பதையும் அறவே கைவிடுக.

2009 இல் முடிந்த போரில் பளை, முகமாலைப் பகுதிகளில் எறிகணையால் வட்டிழந்த தென்னைகள் பல. அவை மீளவில்லை. அடிமரத்தில் மட்டும் துளைபட்டவை வேறு. தென்னையின் காயம் மாமரத்தின் காயம்போல மூடி வளராது. வடு என்றும் நிற்கும். ஆயினும் மரம் காய்க்கும். வடுவை மட்டும் கண்டு தறியாதீர்.

பாளையின் முளை வட்டினுள்ளே உருவாகி வெளிவர ஏறக்குறைய இரண்டரை ஆண்டு செல்லும். காய் முற்ற மேலும் ஓராண்டு. எனவே இவ்வாண்டிட்ட பசளையை அடுத்த ஆண்டின் காயைக்கொண்டு மதிப்பிடுதல் தவறு. ஓலையை எண்ணுங்கள். நலமுள்ள மரம் ஆண்டுக்கு 12 முதல் 14 ஓலை விடும். இன்று குருத்தையடுத்து விரிந்துள்ள ஓலை மட்டையில் நிறம் பூசி, ஓராண்டின் பின் அதற்கு மேலுள்ளவற்றை எண்ணிக் குறித்து வையுங்கள். தொகை ஆண்டுதோறும் கூடிவருமாயின் கோடரிக்கு வேலையில்லை.