ஆயுள் சான்றிதழ்

ஓய்வூதியம் பெறும் முதியோர், தாம் உயிருடன் இருப்பதை ஆண்டுக்கு ஒருமுறை சான்றிதழால் உறுதி செய்தல் வேண்டும். தவறினால் ஓய்வூதியம் நிறுத்தி வைக்கப்படும். இதற்காக, நடக்க இயலாதவரும் வங்கி வரிசையில் காத்திருந்தனர். வெளிமாநிலத்தில் பிள்ளைகளுடன் வாழ்ந்தோர் சிலர் சொந்த ஊருக்கே சென்று திரும்பினர்.

இத்துன்பத்தைக் குறைக்க, நடுவண் அரசு 2014 நவம்பரில் ‘ஜீவன் பிரமாண்’ திட்டத்தைத் தொடங்கியது. ஆதார் எண்ணுடன் கைரேகை அல்லது கருவிழியைப் பதிந்து, இருக்கும் ஊரிலிருந்தே சான்றிதழ் அளிக்கலாம். முதுமையில் சிலருக்குக் கைரேகை தேய்ந்துவிடும். ஆகவே, கைப்பேசிவழி முகத்தைக் கண்டு உறுதி செய்யும் முறை 2021இல் சேர்க்கப்பட்டது.

எனினும், திரையில் தோன்றும் ஆங்கிலமோ இந்தியோ உங்கள் பாட்டிக்குப் புரியாமல் போகலாம். அவற்றைக் கற்ற நீங்கள் அருகில் அமர்ந்து, ஒவ்வொரு வரியையும் தமிழில் சொல்லுங்கள். அவர் சரியென்ற பின்னரே அடுத்த படிக்குச் செல்லுங்கள். கைப்பேசிக்கு வரும் கடவு எண்ணைப் பிறரிடம் கூறலாகாது. அரசு தரும் வசதி முதியோரின் கைக்குச் சேர, வீட்டில் ஒருவர் துணை நிற்றல் வேண்டும்.

பயிற்சி
1. பிரித்து எழுதுக: ஓய்வூதியம், கருவிழி.
2. முக அடையாள முறை ஏன் தேவைப்பட்டது?
3. உங்கள் வீட்டு முதியவருக்கு நீங்கள் செய்யும் உதவியை ஐந்து தொடர்களில் எழுதுக.