பிசினை வீசி எறியாதவர்

அன்புள்ள கயல்விழிக்கு,

எம்.எஸ்சி. வேதியியல் முடிந்ததும் ஆய்வுக்குப் போவதா, சொந்தமாகத் தொழில் தொடங்குவதா என்று கேட்டிருந்தாய். இரண்டையும் செய்த லியோ பேக்லாண்டைப் பற்றிச் சொல்கிறேன். முடிவை நீயே எடு.

அவர் 1863-இல் பெல்ஜியத்தின் கெண்ட் நகரில் செருப்புத் தைப்பவரின் மகனாகப் பிறந்தார். 21 வயதிலேயே டாக்டர் பட்டம் வாங்கிவிட்டார். 1889-இல் அமெரிக்கா போனவர் அங்கேயே தங்கினார். ஒரே சமயத்தில் பல கண்டுபிடிப்புகளில் கைவைத்ததில் பணமும் கரைந்தது, உடம்பும் படுத்தது. இனி ஒன்றை மட்டும் பிடிப்பது என்று நோய்ப் படுக்கையில் முடிவுசெய்தார். வெயிலுக்குக் காத்திராமல் விளக்கு வெளிச்சத்திலேயே படம் அச்சிட உதவும் 'வெலாக்ஸ்' போட்டோ காகிதம் அப்படி வந்ததுதான். அந்தத் தொழிலை 1899-இல் புகைப்படத் தொழிலதிபர் ஜார்ஜ் ஈஸ்ட்மன் பெருந்தொகைக்கு வாங்கிக்கொண்டார். கை நிறையப் பணம் வந்த பிறகும் பேக்லாண்டு சும்மா இருக்கவில்லை; ஜெர்மனிக்குப் போய் மின்வேதியியல் படித்தார்.

அடுத்து அவர் கவனித்தது சந்தையை. மின்சாரத் தொழில் வளர வளர, மின்காப்புக்கு அரக்கு நிறையத் தேவைப்பட்டது. அதுவோ பூச்சி சுரப்பது. பெரும்பகுதி இந்தியாவிலிருந்து போனது. மாற்று கிடைத்தால் வாங்க ஆட்கள் தயாராக இருந்தார்கள்.

பீனாலும் பார்மால்டிஹைடும் சேர்ந்தால் பிசின் உண்டாகும் என்பதை அடால்ஃப் பேயர் 1872-லேயே கண்டிருந்தார். எதிலும் கரையாமல் குடுவையில் ஒட்டிக்கொள்ளும் அதைத் தொல்லையாகவே பலர் நினைத்தார்கள். பேக்லாண்டும் முதலில் கரையக்கூடிய அரக்கு மாற்று ஒன்றைச் செய்து பார்த்தார், அது விலைபோகவில்லை. பிறகுதான், கரையாத அந்தக் கெட்டிப் பொருளே சரக்காகலாமே என்று தோன்றியது. சூடு ஏறினால் கலவை நுரைத்துப் பொங்கும் என்று மற்றவர்கள் சூட்டைக் குறைத்தார்கள். இவர் சூட்டைக் கூட்டினார்; பொங்காதபடி, குக்கர் போல மூடிய கலத்தில் அழுத்தம் கொடுத்தார். 1907-இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். 1909-இல் அமெரிக்க வேதியியல் கழகத்தில் அறிவித்தார். அதுதான் பேக்கலைட், நம் பழைய வீடுகளின் கறுப்பு ஸ்விட்ச்சும் அதில் செய்ததுதான். வீட்டு ஆய்வுக்கூடத்திலேயே தயாரித்து விற்றுப் பார்த்து, கிராக்கி கூடிய பிறகுதான் 1910-இல் கம்பெனி ஆரம்பித்தார்.

அந்த வேதிவினை பழையது, அதை அடக்கி ஆண்டதுதான் புதியது. புத்தம் புதிதாக ஒன்று தோன்றட்டும் என்று நீயும் காத்திருக்க வேண்டாம். யாருக்கு எது இல்லாமல் வேலை தடைப்படுகிறது என்று முதலில் விசாரி. உன் குடுவையில் ஒருமுறை வந்தது நூறாவது முறையும் அதே தரத்தில் வருகிறதா என்று பார். அதற்கு முன் வங்கிக் கடனுக்குப் போகாதே.

இன்னொன்று: பேக்கலைட்டை உருக்கி மறுபடி வார்க்க முடியாது. செய்யும் பொருள் கடைசியில் எங்கே போய்ச் சேரும் என்ற கேள்விக்கு உன் தலைமுறை முதல் நாளே பதில் வைத்திருக்க வேண்டும்.

ஒரே ஒரு பிரச்சினையைத் தேர்ந்தெடுத்து எனக்கு எழுது. மற்றதைப் பிறகு பேசுவோம்.

அன்புடன்,
சித்தப்பா